பன்னீர் ரோஜா: இலை பழுத்தாலும் குல்கந்து பொங்கினாலும்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 14 தொட்டிகள் இருக்கின்றன. 11 தொட்டிகளில் நாட்டுப் பன்னீர் ரோஜா, இரண்டில் எட்வர்டு ரோஜா, மீதி ஒன்றில் என்ன வகை என்று எனக்கே தெரியாத ஒரு சிவப்பு. முதல் இரண்டு வருடம் ரோஜாவுக்கு வரக்கூடிய நோய்கள் எல்லாம் வரிசையில் நின்று வந்து போயின. நிலக்கோட்டைப் பக்கம் வெகுகாலம் பூ விவசாயம் பார்த்த என் அத்தை ஒருநாள் மாடிக்கு ஏறி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தலையில் வைக்கவா வளர்க்கிறாய், வாயில் போடவா?"

குல்கந்து போடவும் பன்னீர் வடிக்கவும்தான் என்றேன். "அப்படியானால் இதைக் கீரைப் பாத்தியாக நினைத்துக்கொள்" என்றார். இங்கே எழுதியிருக்கும் அத்தனை வைத்தியமும் அந்தக் கணக்கில் வருபவைதான். கண்காட்சிக்கு வளர்ப்பவர்களுக்கு இவற்றில் சில போதாமல் இருக்கலாம்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எதையும் தெளிப்பதற்கு முன்

உரக்கடையில் போய் "ரோஜாவுக்குப் பூச்சி" என்று சொன்னால் பெரும்பாலும் ஊடுருவிப் பாயும் மருந்து ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். டைமெத்தோயேட், இமிடாகுளோபிரிட் போன்றவை அந்த வகை. இவை செடியின் சாற்றோடு கலந்து தண்டு, இலை, மொட்டு என்று எல்லா இடத்துக்கும் போகும். இதழைப் பத்து முறை அலசினாலும் உள்ளே போனது வெளியே வராது. தலையில் சூடுகிற பூவுக்குப் பரவாயில்லை என்று சிலர் சொல்லலாம். சர்க்கரையில் ஊறவைத்து ஒரு மாதம் கழித்துச் சாப்பிடப்போகிற பூவுக்கு இது ஆகவே ஆகாது.

இதே காரணத்தால் பூச்சந்தையில் வாங்கிய ரோஜாவில் குல்கந்து போடாதீர்கள். பூங்கொத்துக் கடை ரோஜாவைத் தொடவே வேண்டாம். நாற்றங்காலிலிருந்து வாங்கிவந்த செடியின் முதல் மூன்று மாதப் பூக்களை நான் சாமி படத்துக்குத்தான் வைக்கிறேன். அங்கே என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

என் அலமாரியில் இருப்பவை: கத்தரி, வேப்பெண்ணெய், காதி சோப்பு, பால், நனையும் கந்தகத் தூள். கந்தகத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் தெளித்தாலும் அதே கதிதான். ஆக, நம் ஊரில் மார்கழி, தை தவிர அதற்கு அதிகம் வேலை இல்லை.

வேப்பெண்ணெயிலும் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். மொட்டு வெடித்திருந்த நேரத்தில் தெளித்தேன். அந்த வருடக் குல்கந்தைத் திறந்தபோது வேப்பம்பழ வாடை. யாரும் சாப்பிடவில்லை. மொட்டுகளையும் பூக்களையும் பறித்து முடித்த பிறகு, மாலையில் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அதைத் தண்ணீரோடு சேர்க்கச் சிறிது சோப்புக் கரைசல்.

பூ நிறையப் பூக்கிறது, மணமே இல்லை

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். பதிலுக்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன், ஆறு மணி வாக்கில், பாதி விரிந்த பூ ஒன்றை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி மெதுவாக வாயால் ஊதிச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள். முதல் பூவிலேயே முடிவு செய்யுங்கள். நான்காவது, ஐந்தாவது பூவுக்கு வரும்போது மூக்கு களைத்துப்போய் எல்லாவற்றையும் ஒன்றுபோலச் சொல்லும்.

அப்போதும் மணம் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது மணமில்லாத வகை. எந்த உரத்தாலும் இதை மாற்ற முடியாது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் வளர்ந்து பூங்கொத்துக்குப் போகும் ரோஜாக்கள் நீண்ட காம்புக்காகவும், ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்பதற்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்தத் தேர்வில் மணம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ரோஜா மணத்துக்கு முக்கியமான ஜெரானியால் என்ற பொருளைச் செடி எப்படித் தயாரிக்கிறது என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் கண்டுபிடித்தார்கள். அதற்கென்று ஒரு நொதி வேலை செய்கிறது, மணமில்லாத வகைகளில் அந்த நொதியின் வேலை மிகவும் மந்தமாக இருக்கிறது என்று தெரியவந்தது. அடுப்பே மூட்டாத வீட்டில் வெந்தயக் குழம்பு வாசனையை எதிர்பார்க்க முடியுமா?

ஆறு மணிக்கு மணக்கிறது, பத்து மணிக்கு இல்லை என்றால் செடியில் குறை ஒன்றுமில்லை, நீங்கள் போகிற நேரத்தில்தான் குறை. மணம் தரும் பொருள்கள் எளிதில் ஆவியாகிறவை. வெயில் ஏற ஏறப் போய்விடும். பல்கேரியாவில் கசன்லாக் என்ற ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் அத்தருக்காக டமாஸ்க் ரோஜா வளர்க்கிறார்கள். அங்கே விடியலில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிப்பதுதான் முறை. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ தேவைப்படும்போது இரண்டு மணி நேரத் தாமதம்கூட அவர்களுக்குப் பணம்.

மாசியில் மணந்த செடி சித்திரையில் மணக்கவில்லை என்பது மூன்றாவது வகைப் புகார். சூட்டில் பூ சிறுத்து, இதழ் குறைந்து, ஒரே நாளில் விரிந்து உதிரும். மதுரை வெயிலில் இதற்குச் செய்யக்கூடியது, பிற்பகலில் நிழல்வலை கட்டுவது ஒன்றுதான். நான் சித்திரை, வைகாசியில் வரும் மொட்டுகளைக் கிள்ளி எறிந்து செடிக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறேன்.

மணம்தான் வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் வகையை மாற்றுங்கள். நாட்டுப் பன்னீர் ரோஜா வெளிர் ரோஸ் நிறம், இதழ் தளர்வாக இருக்கும், முள் தாராளம், மணத்தில் குறை வைக்காது. எட்வர்டு ரோஜா அதைவிட அடர்ந்த நிறம். அது பூர்போன் ரோஜா இனத்தைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இப்போது ரீயூனியன் என்று அழைக்கப்படும் தீவின் பழைய பெயர் பூர்போன். அங்கிருந்து கிளம்பிய இனம் நம் ஊர்ப் பூ மாலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பன்னீர் ரோஜாவைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் பென்சில் தடிமனுள்ள முற்றிய கொம்பை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, பாதிக் கொம்பு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். துளிர் வந்த உற்சாகத்தில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். துளிர் முதலில் வரும், வேர் பிறகுதான் வரும்.

வாங்கிவந்த செடி ஒரே மாதத்தில் காய்ந்தது

பையைக் கிழித்து உள்ளே பாருங்கள். உருண்டை பிடித்த களிமண் கட்டி ஒன்று வேரைச் சுற்றி இருக்கும். ஆந்திரத்துக் கடியம் போன்ற நாற்றங்கால் ஊர்களிலிருந்து லாரியில் வரும் செடிகள், வழியில் மண் உதிராமல் இருக்க இப்படித்தான் கட்டப்படுகின்றன. அந்தக் கட்டியோடு அப்படியே தொட்டியில் நட்டால், நீங்கள் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள இளகிய மண் வழியாக ஓடிவிடும். கட்டி உள்ளே காய்ந்தே கிடக்கும், அல்லது ஊறினால் வாரக்கணக்கில் சகதியாகவே கிடக்கும்.

அடுத்த செடிக்கு: வந்தவுடன் நடாமல் நான்கைந்து நாள் பாதி நிழலில் வையுங்கள். பிறகு கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்புறக் களிமண்ணை மட்டும் விரலால் கரைத்துவிடுங்கள். வேர் அறுபடக் கூடாது. ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். செம்மண், மட்கிய மாட்டெரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்த மண் போதும்.

இதோடு சேர்த்து ஒரு சந்தேகம். "ஐந்து இலை வந்தால் நல்ல ரோஜா, ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, வெட்டிவிடு" என்று பலரும் சொல்கிறார்கள். இதை நம்பிப் பன்னீர் ரோஜாவின் நல்ல கிளையை வெட்டிவிடாதீர்கள். அதிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. பார்க்க வேண்டியது கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதை. ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து வந்தால் அது வேர்ச்செடியின் கிளை, அடியோடு பிய்த்து எடுங்கள். கொம்பு நட்டு வளர்த்த செடிக்கு ஒட்டே இல்லாததால் இந்தக் கவலையும் இல்லை.

இலை மஞ்சளாகிறது

"இலை மஞ்சள்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் என்று சொல்வதைப் போல. எந்த இலை, எப்படி மஞ்சள் என்று பார்க்க வேண்டும்.

அடியில் உள்ள பழைய இலைகள் மாதத்துக்கு நாலைந்து முழுதாகப் பழுத்து உதிர்ந்தால் அது வயது, விட்டுவிடுங்கள். அடி இலைகள் மொத்தமாக ஒரே வாரத்தில் பழுத்தால் தொட்டியின் அடித்துளையில் குச்சியை விட்டுப் பாருங்கள். அடைத்திருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும். பழைய இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் பற்றாக்குறை. எப்சம் உப்பை லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் கரைத்து வேருக்கு ஊற்றலாம்.

எங்கள் வீட்டில் இருந்த கோளாறு இவற்றில் எதுவும் இல்லை. நுனியில் புதிதாக வரும் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, வலை வரைந்தது போலத் தெரிந்தன. இது இரும்புச் சத்துக் குறை. அதனால் இரும்புச் சத்து வாங்கிப் போட்டேன். பத்து நாள் பச்சை, பிறகு மறுபடி மஞ்சள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அதைச் செடி எடுக்க முடியாமல் தடுத்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மண்ணை மெல்ல மெல்லக் காரத்தன்மைக்குத் தள்ளிவிடும். ரோஜா விரும்புவது லேசான அமிலத்தன்மை. கார அமில அளவு 6க்கும் 6.5க்கும் இடையே இருந்தால் அதற்குத் திருப்தி.

உங்கள் வீட்டிலும் இதுதானா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உட்புறத்தையும் மண் தொட்டியின் வெளிப்புறத்தையும் பாருங்கள். இரண்டிலும் வெள்ளை பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதல் வேலை, மழைநீரைப் பிடித்து வைப்பது. ஐப்பசி மழையில் நான்கு பீப்பாய் நிரப்பினால் பங்குனி வரை வாரம் ஒருமுறைக்கு வரும். மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரையே தொட்டி வழிந்து ஓடும்படி தாராளமாக ஊற்றுங்கள். தேங்கிய உப்பு அடியில் போய்விடும். மட்கிய எரு அதிகம் சேருங்கள். செடி மிகவும் வெளிறியிருந்தால் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம் எடுத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கரைத்து, வடிகட்டி இலையில் தெளிக்கலாம். மொட்டு இல்லாத சமயத்தில் செய்யுங்கள். இதழில் பட்டால் கறை விழும்.

முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதுவும் சுண்ணாம்புதான். ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணீர் குடித்துத் தவிக்கிற செடிக்கு ஏன் இன்னும்?

இலையில் கரும்புள்ளி, இலையில் வெள்ளை மாவு

இரண்டையும் ஒரே மருந்தால் விரட்ட முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் பூஞ்சைதான், குணம் நேரெதிர்.

கரும்புள்ளி அடி இலையில் தொடங்கும். புள்ளியின் ஓரம் மழுங்கலாக, மை ஊறியது போல இருக்கும். சுற்றிலும் மஞ்சள் படர்ந்து இலை உதிரும். இந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். மாலையில் இலை நனையும்படி தண்ணீர் விட்டால் அந்த ஏழு மணி நேரத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளையும் உதிர்ந்த சருகையும் பொறுக்கி எடுத்து எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பாதி இலை போனாலும் செடி சாகாது.

வெள்ளை மாவு படிந்து இளந்துளிர் சுருண்டால் சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. பகல் வறண்டு, இரவு குளிர்ந்து ஈரக்காற்று நின்றால் போதும். மார்கழியில் வரும், மாசியில் தானே ஓடும். காலையில் வெறும் தண்ணீரைத் துளிர்மேல் பீய்ச்சினாலே பாதி அடங்கும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் படும் நேரத்தில் வாரம் ஒருமுறை தெளித்தால் மீதியும் அடங்கும். கெட்டியாகத் தெளித்தால் புளித்த வாடை வரும், எறும்பும் வரும்.

இலை தூசி படிந்தது போல வெளிறிக் கிடக்கிறது

இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெள்ளைக் காகிதத்தில் தேயுங்கள். செம்பழுப்புக் கோடு விழுந்தால் செம்பேன். கோடை வெயிலும் வறண்ட காற்றும் அதற்குக் கல்யாண விருந்து. மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். நான்கு முறை செய்தால் குறைந்துவிடும். பூச்சிமருந்து அடிப்பதால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துச் செம்பேன் பெருகுவதுதான் வழக்கம்.

மொட்டு வருகிறது, விரியாமல் ஓரம் கருகுகிறது

மொட்டைக் கிள்ளி வெள்ளைத் தட்டின்மேல் உதறுங்கள். கமாவைப் போன்ற, பழுப்பு நிறத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள பூச்சிகள் நெளிந்து ஓடினால் இலைப்பேன். அது இதழ் மடிப்புக்குள் உட்கார்ந்து சுரண்டித் தின்கிறது. தெளிப்பது எதுவும் அங்கே எட்டாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கருகிய மொட்டுகள் அத்தனையையும் பறித்து, பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ஒரு சுற்றுப் பூவை இழந்தால் அடுத்த சுற்று சுத்தமாக வரும். நீல நிற ஒட்டுப்பொறியைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தட்டில் ஒன்றும் விழவில்லை, மழை நாள், மொட்டின் வெளியிதழ் நனைந்த காகிதம் போல ஒட்டியிருக்கிறது என்றால் அது மழையின் வேலை. வெளியிதழை விரலால் பிரித்துவிட்டால் சில சமயம் விரியும்.

துளிர் நுனியில் பச்சையாகக் கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி. விரலால் வழித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கொம்பு நுனியிலிருந்து கருகி இறங்குகிறது

இதில் மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெட்டிய இடத்தில் தொடங்கும் கறுப்பு, ஒவ்வொரு கணுவாக இறங்கி ஒட்டு முடிச்சைத் தொட்டால் செடி போய்விடும்.

கருகலுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, வெட்டு வாயைப் பாருங்கள். நடுத்தண்டு வெள்ளையாக அல்லது இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் கீழே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை மருத்துவச் சாராயத்தில் துடையுங்கள். நான் முதல் வருடம் துடைக்காமல் வெட்டியதால் ஒரு செடியின் நோயை நானே மூன்று செடிக்கு விநியோகம் செய்தேன். வெட்டு வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவலாம். அத்தை மஞ்சளும் பசுஞ்சாணமும் குழைத்து அப்புவார். எனக்குப் பசையில்தான் நம்பிக்கை. அவர் செடிகளும் பிழைத்துத்தான் இருந்தன.

கவாத்தை மழைக்கு முன்பே முடித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. புது வெட்டு வாயில் பத்து நாள் மழை இறங்கினால் இந்தக் கருகல் வருவதற்கு நாமே கதவைத் திறந்து வைத்தது போல ஆகும். நான் கனமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில்தான் கத்தரியை எடுக்கிறேன். தைப் பொங்கலுக்கு முதல் பூ வராது, தை கடைசியில் வரும். வரட்டும்.

தளதளவென்று வளர்கிறது, பூக்கவில்லை

ஆறு மணி நேர நேர்வெயில் படுகிறதா? இல்லையென்றால் இடம் மாற்றுங்கள். படுகிறது என்றால் கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது. வாடிய பூவை, அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் உள்ள முதல் கணுவுக்கு மேலாக வெட்டுங்கள். வேறு மந்திரம் கிடையாது.

இனிமேல் இதழ் பாடு.

காய வைத்த இதழ் கறுத்துவிட்டது

பனி ஈரத்தோடு குவித்து வைத்திருப்பீர்கள், அல்லது உச்சி வெயிலில் போட்டிருப்பீர்கள். பருத்தித் துணியில் ஓர் இதழ்மேல் இன்னோர் இதழ் படாமல் பரப்பி, மின்விசிறி ஓடும் நிழலறையில் மூன்று நான்கு நாள் வையுங்கள். கையில் நொறுக்கினால் அப்பளம் போலச் சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. நலங்கு மாவுக்குப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கோடு இதைத்தான் அரைக்கிறோம். அரைகுறையாகக் காய்ந்த இதழ் ஒரு பிடி போனால் மாவு முழுவதும் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் காய வைக்கும் முயற்சியே வேண்டாம்.

பன்னீர் வடித்தால் கீரை வேகும் வாசனை வருகிறது

முதலில் ஒரு தெளிவு. நான் பேசுவது பாலாடைக்கட்டியைப் பற்றியில்லை. பனிநீர் என்ற நம் பழைய பன்னீர், கல்யாண வாசலில் செம்பிலிருந்து தெளிப்பது.

இதழைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கிடைப்பது பன்னீர் இல்லை, ரோஜாக் கஷாயம். நிறம் இருக்கும், மணம் எல்லாம் சமையலறைக் காற்றில் போயிருக்கும். ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால்தான் பன்னீர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பாத்திரங்களை வைத்து அத்தர் எடுப்பதும் இதே தத்துவம்தான். வீட்டில் அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு குட்டை ஸ்டாண்டு, அதன்மேல் கிண்ணம், சுற்றிலும் இதழ், இதழ் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். மூடியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஐஸ் கட்டி. ஆவி மூடியில் பட்டு, குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்துக்குள் சொட்டும்.

கீரை வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பு. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கவே கூடாது, சிம்மில் லேசாக அசைய வேண்டும். அடுத்த காரணம் பேராசை. முதல் 20, 25 நிமிடத்தில் வருவதுதான் மணம். இதழ் வெளுத்த பிறகும் அடுப்பை எரியவிட்டால் கீரைத் தண்ணீர் வந்து நல்லதோடு கலக்கும். நான் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்து நிறுத்திவிடுவேன். 200 கிராம் இதழுக்கு ஒரு டம்ளர் வந்தால் போதும்.

எண்ணெய் மிதக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வீட்டு அளவுக்கு எண்ணெய் கண்ணில் தெரியாது. ரோஜாவின் மணத்தில் பெரும் பங்குள்ள பீனைல் எத்தனால் தண்ணீரில் கரையக்கூடியது, அது கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. வெந்நீரில் கொதிக்கவைத்த பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நூல் போல ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள். வீட்டுப் பன்னீரைக் கண்ணில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கிருமி நீக்கிய மருந்து இல்லை, விடாதீர்கள்.

குல்கந்து பொங்குகிறது, புளிக்கிறது, கசக்கிறது

பாரசீகத்தில் குல் என்றால் பூ, கந்த் என்றால் சர்க்கரை. பெயரிலேயே செய்முறை இருக்கிறது, தண்ணீருக்கு அதில் இடமில்லை. ஜாடியைத் திறந்ததும் குமிழ் கிளம்பிக் கள் வாடை வந்தால், எங்கோ தண்ணீர் போயிருக்கிறது. இதழைக் கழுவி ஈரத்தோடு போட்டதா, ஈரக் கரண்டியால் கிளறியதா, சர்க்கரையைக் குறைத்ததா என்று யோசியுங்கள். இதழின் எடைக்குக் குறைந்தது சம எடை கற்கண்டு வேண்டும். நான் ஒன்றுக்கு ஒன்றரை போடுகிறேன். எங்கள் செடியில் 100 கிராம் இதழுக்கு 40, 50 பூ பிடிக்கிறது. எனவே ஜாடி ஒரே நாளில் நிறையாது. தினமும் பறித்ததைத் துணியில் உலர்த்தி, ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு பொடித்த கற்கண்டு என்று பத்து நாளில் நிறைத்தால் போதும்.

லேசான குமிழ், மணம் கெடவில்லை என்றால் இன்னும் அரைப் பங்கு கற்கண்டு சேர்த்து, வாயைத் துணியால் கட்டி நல்ல வெயிலில் வைத்துப் பார்க்கலாம். மேலே பஞ்சு போலப் பூசணம் தெரிந்தால் மேற்பகுதியை மட்டும் வழித்து எறியும் சிக்கனம் வேண்டாம், ஜாடியோடு போகட்டும்.

கசப்புக்குக் காரணம் இதழின் அடியில் உள்ள வெள்ளைப் பகுதி. பூவைத் தலைகீழாகப் பிடித்து, இதழ்களைக் கொத்தாகக் கிள்ளும்போது அந்த வெள்ளை காம்போடு நின்றுவிடும்படி கிள்ள வேண்டும். அத்தை ஒரு பூவை இரண்டு திருகலில் முடிப்பார். எனக்கு இன்னும் நான்கு ஆகிறது.

மூன்று வாரத்தில் இதழ் கரைந்து, தேன் பதத்தில் அரக்கு நிறம் வரும். அந்த நிறமே சரி, ரோஸ் நிறத்தில் இருக்கும் கடைச் சரக்கோடு ஒப்பிடாதீர்கள். அடியில் கல்கல்லாகக் கட்டினால் அது சர்க்கரை உறைந்தது, கெட்டது இல்லை. பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கும் பண்டம் இது. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று சொல்லி நீரிழிவுக்காரருக்கு ஊட்டாதீர்கள்.

சர்பத்துக்கு இதழ் போட்டால் தண்ணீர் அழுக்கு நிறமாகிறது

இதை முதலில் பார்த்தபோது பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். எட்வர்டு ரோஜாவின் அடர்ந்த இதழ்களை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், ரோஸ் நிறம் வராமல் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு சோகமான நிறம் வந்தது. மாடியில் இலையை வெளிறவைத்த அதே சுண்ணாம்புத் தண்ணீர்தான் இங்கேயும் குற்றவாளி. இதழின் நிறப்பொருளான ஆந்தோசயனின், அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலத்துக்குத் திரும்பும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் காரம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அரை எலுமிச்சையை மேலே பிழியுங்கள். சாறு இறங்கும் வழியெல்லாம் சிவப்பு நூலாக ஓடி, இரண்டு நொடியில் டம்ளர் முழுவதும் ரோஸ் நிறமாகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். சர்பத் பாகை மழைநீரில் அல்லது வடிகட்டிய குடிநீரில் செய்து, கடைசியில் எலுமிச்சை சேர்த்தால் நிறம் நிற்கும். ஆனால் பாலோடு கலப்பதானால் எலுமிச்சையைத் தவிர்த்துவிடுங்கள், பால் திரிந்துவிடும். ரோஸ் மில்க் வெளிறித்தான் இருக்கும். கடையில் கிடைக்கும் அந்தக் கண்ணைப் பறிக்கிற நிறம் சாயம்.

எறும்பு

தொட்டியில் எறும்பு ஏறினால் அசுவினியையோ மாவுப்பூச்சியையோ தேடுங்கள், அவை சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. அவற்றைத் துடைத்தால் எறும்பு போய்விடும். வெயிலில் வைத்த குல்கந்து ஜாடியில் ஏறினால், தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் ஜாடியை நிறுத்துங்கள். மதுரை வெயிலுக்கு அந்தத் தண்ணீர் மதியத்துக்குள் வற்றிவிடும். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை மாடி ஏறி ஊற்ற வேண்டும்.